கைப்பிடி உறுதியாக இருக்கிறது, நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை: பார்க்கின்சன் நோயில் தசை வலிமை குறைகிறதா?

கேள்வி: தங்கச்சிமடம் மகன்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 66. இளம் வயதில் நாட்டுப்படகிலும் பிற்காலத்தில் கரைவலையிலும் தொழில் செய்தவர். சில ஆண்டுகளுக்கு முன் வலக்கையில் நடுக்கம் தொடங்கியது. மதுரையில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டியபோது பார்க்கின்சன் நோய் என்று உறுதிசெய்து, லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை கொடுத்தார். அதன் பிறகு நடுக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. நான் இங்கே கேட்க வந்தது நடுக்கத்தைப் பற்றி அல்ல, அவருடைய உடல் பலத்தைப் பற்றி.

முற்றத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுவதற்கு அப்பா இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருக்கிறது. பாயில் படுத்தால் புரண்டு படுக்க அம்மாவை எழுப்புகிறார். கிழிந்த வலையைச் சரிசெய்ய உட்கார்ந்தால் முன்பு ஒரு காலைப்பொழுதில் முடித்த வேலை இப்போது இரண்டு நாள் இழுக்கிறது. ஆனால் மருத்துவர் தம் விரல்களைக் கொடுத்து அழுத்தச் சொன்னபோதும், காலை நீட்டித் தள்ளச் சொன்னபோதும், "பலம் நன்றாகத்தான் இருக்கிறது" என்றே குறிப்பு எழுதினார். பலம் இருப்பது உண்மையானால் எழுவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. இத்தனை காலம் உழைத்த உடம்பு ஓய்வெடுக்கட்டும் என்கிறார் சித்தப்பா. எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் நரம்பு முறுக்கேறும் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அம்மா ஒரு மென்மையான ரப்பர் பந்தை வாங்கிக் கொடுத்து அழுத்தச் சொல்கிறார். அப்பாவோ மறுபடியும் கரைவலை இழுக்கப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிடிவாதமாக இருக்கிறார். தசை வலிமை குறைவது இந்த நோயின் பகுதிதானா? எடை தூக்கும் பயிற்சி அவருக்கு உதவுமா, கெடுதல் செய்யுமா? அவரைக் கரைவலைக்கு அனுப்பலாமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: இயன்முறை மருத்துவர், இராமநாதபுரம்

தம்பி, உங்கள் கேள்வி ஏறத்தாழ இந்த நோயின் பெயரளவுக்கே பழையது. 1817ஆம் ஆண்டு இலண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை முதன்முதலில் விரிவாக எழுதியபோது, நடுக்கத்தோடு தசை வலிமை குன்றுவதையும் அதன் இலக்கணத்திலேயே சேர்த்தார். பின்னாளில் பிரான்சின் சார்க்கோ நோயாளிகளைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு வலிமை அவ்வளவாகக் குறையவில்லை, ஆகவே இதை வாதம் (தசை செயலிழப்பு) என்று சொல்வது பொருந்தாது என்று மறுத்து, பார்க்கின்சன் பெயராலேயே நோயை அழைக்கச் சொன்னார். உங்கள் அப்பாவிடம் இருவர் சொன்னதும் உண்மையாக இருக்கிறது.

மருத்துவர் செய்த சோதனையில் நோயாளிக்கு நேரம் கிடைக்கிறது. விரலை அழுத்தச் சொன்னால், விசை மெதுவாக ஏறி மூன்று நான்கு விநாடிகளில் உச்சத்தைத் தொட்டாலும் போதும், "பலம் இருக்கிறது" என்றே முடிவு வரும். நாற்காலியிலிருந்து எழுவதற்கு அவ்வளவு நேரம் கிடையாது. உடலை முன்னால் சாய்த்த வேகம் தணிவதற்குள் தொடையும் இடுப்பும் முழு விசையைக் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் மீண்டும் நாற்காலியில்தான் விழுவோம். இந்த நோயில் மிகுதியாகக் குறைவது விசையை விரைவாக எழுப்பும் திறன். அதாவது மொத்த வலிமை ஓரளவு குறைகிறது, வலிமையும் வேகமும் சேர்ந்த ஆற்றல் அதைவிடக் கூடுதலாகக் குறைகிறது. கால் தடுக்கும்போது சமாளித்து நிற்பதற்கும் அதே ஆற்றல்தான் வேண்டும்.

காரணம் தசையில் தொடங்குவதில்லை. நடுமூளையில் கருநிறப் பொருள் எனப்படும் பகுதியில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால், ஓர் அசைவைத் தொடங்கி அதற்குத் தக்க விசையை ஏவும் மூளைச் சுற்றுகள் மந்தமாகின்றன. அசைவுக்கான தசைக்கு ஒரே வீச்சில் போக வேண்டிய கட்டளை, துண்டு துண்டாகப் போகிறது. எதிர்த்தசையும் முழுமையாகத் தளர்வதில்லை, அதையே நாம் விறைப்பாக உணர்கிறோம். கரைவலையில் கயிற்றைப் பிடித்த அனைவருக்கும் பலம் இருந்தும், ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் வலை நகராது அல்லவா, அதைப் போன்றது இது. டோபமைன் குறைவை ஈடுசெய்யும் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் அளந்தால் வலிமை கூடியும், மாத்திரையின் வேகம் தீர்ந்த நேரத்தில் அளந்தால் குறைந்தும் இருப்பது இதனால்தான்.

இதற்கு மேல் இரண்டாவதாக ஒரு பலக்குறைவு வந்து சேர்கிறது. எழ முடியாததால் உட்கார்ந்தே இருக்கிறார்கள், உட்கார்ந்தே இருப்பதால் தொடையும் பிட்டமும் முதுகும் தேய்கின்றன, வயதும் தன் பங்குக்குக் குறைக்கிறது. முதலாவதற்கு மாத்திரை இருக்கிறது. இந்த இரண்டாவதற்குப் பயிற்சியைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே சித்தப்பாவின் யோசனையை மரியாதையோடு மறுத்துவிடுங்கள். எண்ணெய் தேய்ப்பது விறைப்புக்கு இதமாக இருக்கும், தடுக்க வேண்டாம். ஆனால் தேய்த்துவிடுவதால் தசை வளராது.

எடைப் பயிற்சி கெடுதல் செய்யுமா என்று கேட்டிருந்தீர்கள். 2013இல் டேனியல் கார்கோஸ் குழுவினர் அமெரிக்காவில் 48 நோயாளிகளை வைத்து நடத்திய இரண்டாண்டு ஆய்வு ஒன்று வெளியானது. இரு பிரிவினரும் வாரம் இரு முறை பயிற்சி செய்தனர். ஒரு பிரிவு எடையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனது. மற்றது நீட்சி, சமநிலை, எடை கூட்டாத எளிய பயிற்சிகள் ஆகியவற்றைச் செய்தது. ஆறு மாதத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டாண்டு முடிவில், மாத்திரை இல்லாத நிலையில் அளந்த அசைவுக் குறைபாட்டு மதிப்பெண்ணில் எடை கூட்டிய பிரிவு 7.3 புள்ளி மேலான நிலையில் இருந்தது. சில வாரம் செய்துவிட்டுப் பயனில்லை என்று விடுபவர்களிடம் நான் இந்த ஆறு மாதக் கணக்கைத்தான் எடுத்துச் சொல்வேன்.

உங்கள் அப்பாவுக்கு நான் முதலில் கொடுப்பது நாற்காலிப் பயிற்சியே. சுவரோடு ஒட்டிப் போட்ட, கை வைத்த மர நாற்காலியில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். பிட்டத்தை விளிம்புக்குக் கொண்டுவந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து, பிறகு வேகமாக எழ வேண்டும். உட்காரும்போது மெதுவாக, எழும்போது வேகமாக. எளிதானதும் தலையணையை எடுத்துவிட்டு உயரத்தைக் குறையுங்கள், அதுவும் எளிதானால் மணல் நிரப்பிய துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழச் செய்யுங்கள். 8 முதல் 12 முறை எழுந்ததும் களைப்புத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் சுமை போதவில்லை. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டு, மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் செய்ய வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. குதிகாலை உயர்த்துவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்குவது, முதுகை நிமிர்த்தும் பயிற்சி ஆகியவை அடுத்து வரட்டும். பந்தை அழுத்துவதால் தீங்கில்லை, ஆனால் அவருக்குக் குறையாத ஒரே இடம் அதுதான்.

மறுமொழி: கீழக்கரை மகள்

என் உம்மாவுக்கு இந்த நோய் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மேலே சொன்னதோடு நான் சேர்க்க விரும்புவது நேரத்தைப் பற்றியது. எங்கள் வீட்டில் மதியம் மீன் ஆணம் இல்லாத நாள் குறைவு. சாப்பிட்ட கையோடு மாத்திரையைக் கொடுத்துவந்தோம், பிற்பகல் முழுவதும் உம்மா கட்டையாகக் கிடப்பார். நரம்பியல் மருத்துவர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக மாற்றச் சொன்னார். லெவோடோபா குடலிலிருந்து இரத்தத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் செல்லும் அதே வழியில்தான் புரதத்தின் அமினோ அமிலங்களும் செல்கின்றன என்றும், அவை போட்டியிட்டால் மாத்திரை பின்தங்கிவிடும் என்றும் விளக்கினார். மாற்றிய பிறகு பிற்பகல் எவ்வளவோ தேறியது.

ஆனால் இதைக் கேள்விப்பட்ட உறவினர்கள் மீனையே நிறுத்தச் சொன்னார்கள், அதை மருத்துவர் கண்டித்தார். ஏற்கெனவே எடை குறைந்துகொண்டு வரும் ஒருவருக்குப் புரதத்தையும் குறைத்தால் எந்தப் பயிற்சியும் தசையாகாது. மாத்திரைக்கும் உணவுக்கும் இடைவெளி விட்டும் பிற்பகலில் தடங்கல் தொடர்ந்தால், மீனையும் முட்டையையும் இரவு உணவுக்கு நகர்த்தலாம் என்பதே அவர் கூறியது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் லெவோடோபாவோடு சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

நோன்பு மாதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் பக்கத்தில் பலருக்கு இது பயன்படும். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு நோன்பு வைப்பது ஆபத்தானது. திடீரென்று நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் குழப்பமும் வந்து உயிருக்கே தீங்காகலாம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருப்பதை உம்மாவுக்கு எடுத்துச் சொன்னது ஆலிம்சாதான்.

மறுமொழி: தொண்டி ஓய்வுபெற்ற ஆசிரியர்

நான் நோயாளியாகவே எழுதுகிறேன். இயன்முறை மருத்துவர் சொன்ன அனைத்தையும் ஏற்றுக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. எடைப் பயிற்சிக்கு அவர் கொடுத்த அழுத்தத்தில் பாதியையாவது சமநிலைக்குக் கொடுத்திருக்க வேண்டும். 2012இல் வெளியான, 195 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில், வாரம் இரு முறை தாய்ச்சி என்னும் சீன அசைவுப் பயிற்சியைச் செய்தவர்கள், நீட்சிப் பயிற்சியையும் எடைப் பயிற்சியையும் செய்தவர்களைவிடச் சமநிலையில் நன்றாகத் தேறினார்கள். நீட்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். தொண்டியில் தாய்ச்சி கற்றுத்தர எவரும் இல்லை என்பது உண்மை. ஆயினும் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெதுவாக மாற்றுவதும், நின்ற இடத்திலிருந்து எட்டிப் பொருளை எடுப்பதும், பெரிய அடியாக எடுத்து வைப்பதும் எந்த வீட்டுத் திண்ணையருகிலும் செய்யக்கூடியவையே.

பலக்குறைவு என்று நாம் சொல்லிக்கொள்வதில் ஒரு பகுதி பலக்குறைவே அன்று என்பதையும் அனுபவத்தில் கண்டேன். வாசற்படி நெருங்கும்போது கால் தரையை விட்டு எழாமல் நின்றுவிடும். கூட இருப்பவர்கள் காலில் வலுவில்லை என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுப்பார்கள், அப்படி இழுத்தால் விழுவதே நடக்கும். தரையில் குறுக்கே ஒட்டிய வண்ண நாடாவைப் பார்த்துத் தாண்டச் சொன்னாலோ, தாளம் போட்டாலோ, அதே கால் உடனே நகர்கிறது. இந்தக் கடற்கரையில் வளர்ந்த எனக்கு, வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டின் இழுப்பு நினைவில் ஊறிப் போனது, அதை வாய்க்குள் பாடியே நான் அறையிலிருந்து கூடத்துக்கு வருகிறேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். தங்கச்சிமடத்துப் பெரியவருக்கு அந்தத் தாளம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

சோர்வு வேறு, பலக்குறைவு வேறு. காலையில் எழும்போதே உடம்பு ஓய்ந்து கிடப்பதும், எதிலும் மனம் ஈடுபடாததும் இந்த நோயோடு சேர்ந்து வரும் களைப்பாகவோ மனச்சோர்வாகவோ இருக்கக்கூடும். அதற்கு மணல் பை தீர்வாகாது, மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

மறுமொழி: தங்கச்சிமடம் மகன்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. அப்பாவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மாத்திரை போடுகிறார், இதை யாரும் கவனித்ததில்லை. வேறொன்றையும் கேட்கிறேன். தலைசுற்றலுக்கென்று ஊரில் ஒரு மாத்திரை வாங்கி அவ்வப்போது போட்டுக்கொள்கிறார், பூனைக்காலி விதைப் பொடியும் ஒருவர் சொல்லிச் சாப்பிடுகிறார். இவை பலத்தைப் பாதிக்குமா?

மறுமொழி: மருந்தாளுநர், மண்டபம்

தலைசுற்றல் மாத்திரையின் அட்டையை உடனே பாருங்கள். சின்னரிசின், புளுனரிசின், புரோகுளோர்பெரசின் ஆகிய பெயர்களில் ஏதேனும் இருந்தால் அதைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேட்காமல் அடுத்த அட்டையை வாங்க வேண்டாம். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் இந்த வரிசையில் சேரும். இவை மூளையில் டோபமைனின் வேலையைத் தடுப்பவை. நோய் இல்லாதவருக்கே மந்தமும் விறைப்பும் உண்டாக்கக்கூடியவை, நோய் உள்ளவருக்கு அவற்றை இன்னும் கூட்டும். மருந்துச் சீட்டு இல்லாமல் இவற்றைக் கேட்டு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

தலைசுற்றலின் காரணத்தையும் தேட வேண்டும். படுத்திருந்து எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 புள்ளி அல்லது அதற்கு மேல் இறங்கினால், அதுவே தலைசுற்றலுக்கும், கால் துவள்வதற்கும் காரணமாக இருக்கலாம். இந்த நோயில் அது அடிக்கடி காணப்படுகிறது, லெவோடோபாவும் அதைச் சற்றுக் கூட்டும். நம் பகுதி வெயிலில் வியர்த்துக் கொட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இன்னும் மோசமாகும். துணை சுகாதார நிலையத்திலேயே படுத்தும் நின்றும் அழுத்தத்தை அளந்து தரச் சொல்லுங்கள்.

பூனைக்காலி விதையில் லெவோடோபாவே இயற்கையாக இருக்கிறது. ஆகவே அது வேலை செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரையில் எவ்வளவு மருந்து என்பது எழுதியிருக்கிறது, பொடியில் எவ்வளவு என்பது கரண்டிக்குக் கரண்டி மாறும். இரண்டையும் சேர்த்து எடுத்தால் குமட்டல், அழுத்தம் இறங்குதல், உடல் தானாக நெளிதல் ஆகியவை வரலாம். சித்த மருத்துவரிடமும் நரம்பியல் மருத்துவரிடமும் ஒன்றை மற்றவருக்கு மறைக்காமல் சொல்லி முடிவெடுங்கள்.

ஒரு பக்கக் கையோ காலோ திடீரென்று செயலிழந்தாலும், வாய் கோணினாலும், அதைப் பார்க்கின்சன் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம், 108ஐ அழைக்க வேண்டும்.

மறுமொழி: இயன்முறை மருத்துவர், இராமநாதபுரம்

தொண்டி ஐயா சமநிலையைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். 2021இல் அமெரிக்கப் பார்க்கின்சன் அறக்கட்டளை வெளியிட்ட பரிந்துரையும் வலிமை, சமநிலை, நீட்சி, மூச்சு வாங்கும் அளவுக்கான நடை ஆகிய நான்கையும் சேர்த்தே சொல்கிறது. நாற்காலிப் பயிற்சியை முதலில் வைத்ததற்குக் காரணம், எழ முடியாதவரை நிற்க வைத்துச் சமநிலை கற்பிப்பது கடினம் என்பதுதான்.

கரைவலைக் கேள்விக்கு வருகிறேன். கயிற்றை இழுப்பவர் முதுகைப் பின்னால் சாய்த்து, பின்னோக்கி அடிவைத்து, நெகிழும் மணலில் நடக்கிறார். பார்க்கின்சன் நோயாளிகள் எளிதில் விழுவது பின்பக்கமாகத்தான், கயிறு சட்டென்று தளர்ந்தால் அவரால் காலை வைத்துச் சமாளிக்க இயலாது. ஆகவே நின்று இழுக்க அனுப்ப வேண்டாம். ஆனால் அதே இழுப்பை வீட்டில் கொடுக்கலாம். தூணில் கட்டிய ரப்பர் பட்டையை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரு கைகளாலும் தாளத்தோடு மார்புவரை இழுக்கட்டும். கூன் விழும் முதுகுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி குறைவு, அவருக்கும் தொழில் செய்த நிறைவு கிடைக்கும். கரைக்குப் போக ஆசைப்பட்டால் அலை நனைத்து இறுகிய மணலில், சரிவு குறைந்த இடத்தில், ஒருவர் துணையோடு நடக்கலாம்.

கடலில் தனியாக இறங்க மட்டும் விடாதீர்கள். வாழ்நாள் முழுவதும் நீந்தியவர் என்பது இங்கே பாதுகாப்புக்கு உத்தரவாதமாகாது. கைகால்களை ஒருங்கே வீசும் திறன் இந்த நோயில் கெட்டுவிடக்கூடும். மூளையில் மின்முனை பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நன்றாக நீந்திய 9 பேர் நீந்தும் திறனை இழந்ததைச் சூரிச் மருத்துவர்கள் 2019இல் பதிவுசெய்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு அந்தச் சிகிச்சை நடக்கவில்லை என்றாலும் எச்சரிக்கை பொருந்தும்.

இராமநாதபுரம் வருவது சிரமம் என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். அதற்கிடையில் நீங்களே ஓர் அளவை எடுத்துவையுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, சாதாரண உயரமுள்ள நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள், நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். 16 விநாடிக்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு கூடுதல் என்று கொள்வது வழக்கம். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் அதையும் அப்படியே குறியுங்கள். காலை மாத்திரைக்கு முன் ஒரு முறையும், அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு ஒரு முறையும் அளந்து, நாள், நேரம், உணவு ஆகியவற்றோடு எழுதி, அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு பெரிதாக இருந்தால் அவர் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் பார்ப்பார், வேறுபாடு இல்லாமல் இரண்டும் மெதுவாகவே இருந்தால் நாற்காலிப் பயிற்சியின் சுமையை நாம் கூட்டலாமா என்று பார்ப்போம்.